அண்ணத்திலிருந்து எடுத்த தோல்

என் மேலண்ணத்தில், இடப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு உள்ளே, நாக்குக்கு மட்டும் தெரிகிற ஒரு பள்ளம் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் அங்கிருந்துதான் தோல் எடுத்தார்கள்.

அப்போது மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பம் ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். கீழ்வரிசை முன்பற்கள் இரண்டில் ஈறு இறங்கி வேர் மஞ்சளாகத் தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் தாடைவரை சுரீரென்றது. காரணம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் விரல் நுனியில் மூக்குப்பொடி எடுத்து அந்த இடத்தில்தான் தேய்ப்பேன். அது இல்லாவிட்டால் வயிறு கழியாது, வகுப்பில் பேச்சு வராது. அதே வாயால்தான் ஏழாம் வகுப்புக்குப் புகையிலையின் தீமைகளை நடத்தினேன்.

செங்கல்பட்டில் ஒரு வயதான டாக்டர் பல் மருத்துவமனை வைத்திருந்தார். சென்னையில் படித்த இளம் பெண் டாக்டர் ஒருவர் அவரிடம் புதிதாகச் சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்தது அவர்தான்.

“ஈறு தானா வளராது சார். அண்ணத்துலேருந்து மெல்லிசா தோல் எடுத்து இங்க வெச்சுத் தைக்கலாம். ஆனா எல்லாருக்கும் அது சரிவராது. ஈறு எதனால எறங்குச்சோ அது நின்னிருக்கணும். நிக்காம தச்சா ரெண்டு எடத்துல புண்ணு, அவ்ளோதான் மிச்சம்.” வாயிலிருந்து கண்ணாடியை எடுத்தார். “கறை இருக்கே. பொடி போடுவீங்களா?”

துணித் திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவர்களில் என் மாணவன் ஒருவனின் தகப்பனார் இருந்தார். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். நாற்காலி பின்னால் சாய்ந்திருந்தது, விளக்கு முகத்தில் அடித்தது.

“எப்பவோ போட்டேன். விட்டு ஒரு வருஷம் ஆச்சு” என்றேன்.

பெரியவர் வந்து குனிந்து பார்த்தார். “வாத்தியாரே, நெஜமா விட்டாச்சா? இல்லன்னா சுத்தம் பண்ணிட்டு, பொடியையும் நிறுத்திட்டு, ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம். அவசரமே இல்ல.”

“விட்டாச்சுங்க.”

“சார் சொல்றார்ல, எலும்பும் நல்லா இருக்கு. இவருக்கு இது சரிவரும்” என்றார் இளைய டாக்டர். பிறகு சிரித்தார். “வாத்தியார் பொய் சொல்லுவாரா?”

இனித் திரும்ப வழியில்லை என்று நினைத்தேன். வழி இருந்தது. தையல் போட்ட நாள்வரை இருந்தது.

அடுத்த வாரம் இளைய டாக்டர் தோலை எடுத்து ஈறில் ஒட்டித் தைத்து, மேலே பசைபோல ஒன்றை வைத்து மூடி அனுப்பினார். கஞ்சி மட்டும் குடித்தேன். மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் காலையில் பொடிப் பொட்டலத்தைப் பிரித்தேன். பசையின் ஓரத்தில் மட்டும், கொஞ்சமாக, என்று சொல்லிக்கொண்டே விரலை வைத்தேன். ஐந்தாம் நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

தையல் பிரிக்கும் நாளில் தோல் வெளுத்துக் கழன்று தொங்கியது. பெரியவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“அண்ணத்தைக் கீற மெட்ராஸ்ல கத்துக் குடுத்தாங்க. ஆளைப் பாக்கக் கத்துக் குடுக்கலியா?”

இளைய டாக்டரின் முகம் சிவந்தது. பெரியவர் போனதும், “என் தையல்தான் இறுகிப்போச்சுபோல. மன்னிச்சிடுங்க சார்” என்றார்.

“பரவாயில்லம்மா” என்றேன். நான் அவரை மன்னித்தேன்.

அடுத்த வருடம் எனக்குப் பொடி விற்கும் பெட்டிக்கடைக்காரர் கேட்டார். “சார், எம் வூட்டுக்காரிக்கும் உங்கள மாதிரியே கீழ்ப்பல்லு வேரு வெளிய தெரிஞ்சுகினு கீது. தண்ணி குடிக்க முடியாம பேஜாரா கீது. நீங்க தச்சுகினீங்களே அந்த டாக்டரம்மாகிட்ட, வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

எப்படி மறுப்பது? திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மூவரும் போனோம்.

இளைய டாக்டர் அந்த அம்மாளை நிதானமாகச் சோதித்தார். வெற்றிலை, புகையிலை எதுவும் இல்லை. ஒரு கீழ்ப்பல் வரிசையிலிருந்து முன்தள்ளி முளைத்திருந்தது, அதனால் ஈறு இறங்கியிருந்தது.

“இதுக்குத் தோல் வெச்சுத் தைக்கலாம்னுதான் படிச்சேன். இப்ப நான் அதைச் செய்யறதில்ல” என்றார். “பொடியை விட்டு ஒரு வருஷம் ஆன சாருக்கே நிக்கலியே. வலி தாங்கலன்னா பல்லையே எடுத்துடலாம்.”

கடைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று காலை அவர் கையால் தந்த பொட்டலம் என் சட்டைப்பையில் இருந்தது. அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். நான் திறப்பேன் என்று அவரும் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். நாற்காலியில் அந்த அம்மாள் வாயைத் திறந்தபடியே இருந்தாள். துப்பும் கிண்ணத்தில் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பல்லைப் பிடுங்கினார்கள்.

திரும்பும்போது அவள் வாயில் பஞ்சோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் என் பக்கத்தில் இருந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், “பொடி போடறத டாக்டரம்மாகிட்ட அப்பவே சொல்லிக்கீறீங்கன்னு நெனச்சேன் சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் கடைக்குப் போவதை நிறுத்தினேன். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி வேறு கடையில் வாங்கினேன். பொடிப் பழக்கத்தை விடுவதற்கு மேலும் நான்கு வருடம் ஆயிற்று. அதற்குள் என் பற்கள் இரண்டும் தாமாகவே ஆடி விழுந்துவிட்டன.

‘உங்கள் தையலில் தவறில்லை, நான் பொடி போட்டேன்.’ இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். செங்கல்பட்டுக்குப் பேருந்து தினமும் பள்ளி வாசலில் நின்றுதான் போனது. நான் ஏறவில்லை.