மூச்சு திரும்பிய மத்தியானம்

இலங்கையில் கந்தப்பளைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில், கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் எனக்கு வேலை. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்த வருஷங்கள் அவை. எனக்கு வயது இருபத்திரண்டு. ஒரு வயது மகளை, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். இயந்திரங்கள் தூளைச் சலித்துத் தள்ளும் அறையில், நாங்கள் எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து தூளில் கிடக்கும் குச்சி பொறுக்குவோம். பழுப்புப் பஞ்சு மாதிரி ஒரு தூசி அங்கே எப்போதும் மிதக்கும். புருவத்தில் படியும், எச்சிலில் கசக்கும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அங்கே சேர்ந்த இரண்டாம் வருஷத்தில் எனக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். பேச வாயெடுத்தால் பாதிச் சொல்லோடு நின்றுவிடும். குளிர்தான் காரணம் என்றார்கள். ஆடாதோடைக் கஷாயம் குடித்தேன். பக்கத்து லயத்து வீட்டுப் பெரியவர் சொன்னாரென்று ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகையும் பிடித்தேன். தலை சுற்றியதுதான் மிச்சம். வரும், சில நாள் வாட்டும், போய்விடும். என் தலையில் எழுதியது இது என்று இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அது போகவில்லை. குச்சிக் குவியல் மேலேயே சாய்ந்தேன். உதடு நீலம் பாரித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை யாரோ ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். அவர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குவழியில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். தகரக் கூரை போட்ட இரண்டு அறை, அதுதான் ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டரையா என்போம்.

என்னைக் கட்டிலில் கிடத்தப் போனவரை டாக்டரையா தடுத்தார். "படுக்க வைக்காதப்பா. ஒக்கார வை. மேசையில கைய ஊண்டிக்கட்டும்."

சின்னக் கண்ணாடிக் குப்பியொன்றை உடைத்து, மருந்தை ஏற்றி, என் மேல்கையில் தோலுக்கு அடியில் ஊசியைச் செருகினார். செருகியதை எடுக்கவில்லை. இன்னொரு கையில் கடிகாரம். ஒரு துளி அழுத்தினார், காத்திருந்தார். முள் ஒரு சுற்று வந்ததும் இன்னொரு துளி.

"இழுக்காதம்மா" என்றார். "உள்ள போன காத்து வெளிய வரல. அதான் புதுசுக்கு எடமில்ல. ஊது. அடுப்பு ஊதுற மாதிரி, மெதுவா."

அதுவரை நான் இழுக்கத்தான் போராடிக்கொண்டிருந்தேன். ஊதினேன். நாலைந்து துளி உள்ளே போயிருக்கும். விலாவைச் சுற்றியிருந்த இறுக்கம் கொஞ்சம் நெகிழ்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். மருந்தின் வேகத்தில் கை நடுங்கியது, இதயம் படபடவென்று அடித்தது. ஆனால் காற்று வெளியே போனது. போன இடத்தில் புதுக்காற்று தானாக வந்து நிறைந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. இத்தனை வருஷமும் என் மூச்சை நான்தான் விட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியிருந்தேன். இப்போது அது வருவதையும் போவதையும் யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சுவரோரம் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரையா எங்களை உடனே அனுப்பவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழமைல எப்படி இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "போன வாரங்கூட இது கோயில் படி அத்தனையும் ஏறிட்டு வந்துச்சு."

"திங்கக்கெழம?"

"சாயங்காலம் ஆரம்பிச்சிருங்க" என்றேன்.

"புள்ள பெத்து வீட்டுல இருந்தியே, அப்ப?"

யோசித்தேன். அந்த வாரங்களில் ஒரு தடவைகூட வரவில்லை. அதைச் சொன்னபோது எனக்கே மேல் சிலிர்த்தது. இவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் டாக்டரையாவே ஸ்டோருக்கு வந்து, சலிக்கும் அறையில் கொஞ்ச நேரம் நின்றார். ஜன்னல் வழியே வெயில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. அதற்குள் தூசி சுழல்வதையே பார்த்தவர், இருமிக்கொண்டே வெளியே போனார். "இவ கை மாதிரி குச்சி பொறுக்க வேற கை இல்லீங்க" என்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் என்னை வேறு வேலைக்கு விட மறுத்தார். டாக்டரையா அவரோடு வாதாடவில்லை. தோட்டத்துத் துரைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் என் பேரைக் கொழுந்து பறிக்கக் கூப்பிட்டார்கள்.

இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கும். டாக்டரையா கொடுத்த கசப்பு மாத்திரையைப் போட்டால் கை நடுங்கும், நெஞ்சு திறக்கும். ஆனால் உதடு நீலமாகும் அளவுக்கு அது மறுபடி வரவேயில்லை.

சில மாதம் கழித்து எங்களை மேல்மலைக்கு அனுப்பினார்கள். தோட்டத்திலேயே செங்குத்தான இடம். கூடையோடு ஏறி உச்சியில் நின்றபோது எனக்கு வாங்கு வாங்கென்று மூச்சு வாங்கியது. இழுப்புதான் வந்துவிட்டதோ என்று பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். என்னோடு ஏறி வந்த அத்தனை பெண்களும் இடுப்பில் கையை ஊன்றி, அதே மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.