வேண்டாம் என்ற தெரு

கம்பியில்லா இன்டர்நெட் யாருக்கெல்லாம் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் அப்போது என் வேலை. வேண்டும் என்பவர்கள் அதிகமுள்ள தெருவுக்கு முதலில் ஆன்டெனா வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்களே என்று ஓரிக்கையில் ஒரு நெசவாளர் தெருவுக்குப் போனேன். ஒருவர் விடாமல் வேண்டாம் என்றார்கள். கம்ப்யூட்டர் வைத்திருந்த வீட்டிலும் அதே பதில். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண்ணிடம் கடுப்பாகவே காரணம் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கோடி வூட்டம்மாவோட புள்ள, அந்த அண்ணன், துபாய்ல எறந்துட்டாரு சார். அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. அந்தம்மாவுக்கு ஹார்ட் வீக்கு, யாரும் சொல்லல. கூட வேல செஞ்சவரு, அண்ணன் மாதிரியே எங்க வூட்டு போனுக்குப் பண்ணி அந்தம்மாகிட்ட பேசிக்கினு இருக்காரு. நெட்டு வந்தா கேமராவும் வரும். மூஞ்சியக் காட்டச் சொல்லுன்னா இன்னா சார் பண்றது?"

கோடி வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று வேகமாக நடந்தேன். தறியில் உட்கார்ந்தபடியே அந்த அம்மா கூப்பிட்டுவிட்டார்.

"எல்லார் வூட்லயும் கேட்டுக்கினு வந்த, என் வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போறியேபா?"

உள்ளே போய் இன்டர்நெட் விஷயத்தைச் சொன்னேன். கேமராவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரே கேட்டார்.

"அதுல மூஞ்சி தெரியுமாமே?"

"தெரியும்மா."

"அப்ப எனக்கும் வேணாம்னு எழுதிக்கபா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"தெருவுல சாவு வுழுந்தா எங்காளுங்க தறிய நிறுத்திடுவாங்க. பொணம் எடுக்கற வரிக்கும் ஓட்ட மாட்டாங்க. போன ஐப்பசில ஒருநா எல்லாத் தறியும் ஒண்ணா நின்னுது. யார் வூட்ல சாவுன்னு வெளிய வந்து பாத்தேன். என்னப் பாத்ததும் எல்லாம் உள்ள ஓடி, மறுபடியும் தறிய ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க. எந்த வூட்லயும் பொணம் இல்ல. அப்ப அது என் வூட்டுச் சாவுதானபா?"

எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. போன்ல பேசறது யார் பெத்த புள்ளயோ, யம்மான்னு கூப்புடுது. மூஞ்சியப் பாத்துட்டா அப்புறம் எப்படிக் கூப்புடும்?"

அதற்குள் அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் நின்று, "யம்மா, போன் வந்துக்குது" என்று குரல் கொடுத்தாள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் திரும்பிவரும்போது அந்த வீட்டைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. சுற்றிலும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே அவர் உரக்கக் கேட்டது இத்தனை வருடம் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை.

"சாப்ட்டியாபா?"