ஓட்டையை அடைத்த கிரீஸ்

காலையில் மொட்டைமாடிக்கு ஏறினாலே எனக்குக் குமட்டும். அனல்மின் நிலையச் சாம்பல், கடல் உப்பு, காக்கை எச்சம் மூன்றும் கலந்து தரையில் ஒரு பசை. செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. விம்கோ நகரில் வீடு கட்டிவிட்டு இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவன் முட்டாள். அந்தப் பசைக்கு நடுவே, முகம் தெரியாதவர்களோடு வானலையில் பேசுகிற அமெச்சூர் ரேடியோவுக்காக ஆன்டெனா நட்டவன் அதைவிடப் பெரிய முட்டாள். இரண்டு பட்டமும் எனக்கே.

மூன்று ஆள் உயர அலுமினியக் குழாய் அது. நடுநடுவே டிராப் என்கிற டப்பாக்கள். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்களின் தயவில் ஒரே குழாய் பல அலைவரிசைகளில் வேலை செய்யும். மழைக்காலம் முடிந்ததும் அது படுத்துவிட்டது. நான் அனுப்புகிற சக்தியில் பாதி மேலே போகாமல் என்னிடமே திரும்பி வந்தது. ஒரு ஈ, காக்கைக்குக்கூட என் குரல் கேட்கவில்லை.

அதே மாடியில்தான் என் மனைவி கருவாடு காயவைப்பாள். ஆன்டெனாவுக்காகத் தரையில் நான் பரப்பியிருந்த கம்பிகளில் கால் தடுக்கி, ஒரு முறம் நெத்திலியைக் கொட்டிவிட்டாள். அன்றே கெடு விழுந்தது.

"ஞாயித்துக்கெயம வரிக்கும் பாப்பேன். எவன்கூடனா பேசிக் காட்டு. இல்லாங்காட்டி இத்த காயலாங்கடைல போட்டுட்டு வந்துகினே இருப்பேன்."

"அது சும்மா கம்பி இல்லமே!"

"பின்ன இன்னா, கோயில் கொடிமரமா?"

ஞாயிறு காலை கேபிளை மாற்றினேன். திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டர் முள் வலப்பக்கத்தை விட்டு அசையவில்லை. தரைக்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கத்தி கொண்டுவர மறந்ததால் எச்சத்தை நகத்தால் சுரண்டினேன். கம்பிகளில் குறையில்லை, நகத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மிச்சம் இருந்தவை டிராப்புகள். குழாயை இறக்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தேன்.

எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. அதனால் கேட் கீல், ஜன்னல் கொக்கி, சைக்கிள் செயின் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் படகு இன்ஜின் கிரீஸை அப்பிவிடுவோம். ஆன்டெனா வாங்கியபோது டிராப் ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன ஓட்டை இருப்பதைப் பார்த்தேன். இதன் வழியாக உப்பு உள்ளே போகுமே, செய்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவனுக்காக வருத்தப்பட்டு, எல்லா ஓட்டையையும் கிரீஸால் அடைத்துவிட்டேன்.

இப்போது ஒரு டிராப்பைக் கழற்றி, முகத்துக்கு நேர் மேலே தூக்கிப் பிடித்து, தீக்குச்சியால் அந்த கிரீஸைத் தோண்டினேன். படிக்கட்டிலிருந்து மனைவி கேட்டாள்:

"இன்னாய்யா, ஆச்சா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கிரீஸ் கட்டி விழுந்தது. பின்னாலேயே மழைக்காலம் முழுவதும் உள்ளே ஊறிய தண்ணீர், கறுப்பாக, வெதுவெதுப்பாக, செத்த எறும்புகளோடு நேராக என் வாய்க்குள் இறங்கியது. மேல் மூடி வழியாகப் போன மழை, வெளியேற வழியில்லாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது. அந்த ஓட்டை அதற்குத்தான்.

"துப்பு! துப்புய்யா! முயிங்கிடாத!" என்று கத்திக்கொண்டே சிரித்தாள்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ரேடியோல இன்னா சேதி?"

நான் மாடித் தண்ணீர்க் குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால், அவளே பதில் சொன்னாள்: "கலீஜ் சேதிண்ணே!"

மற்ற டிராப்புகளை வாயை இறுக மூடிக்கொண்டு திறந்தேன். எல்லாவற்றிலும் அதே கஷாயம். பழைய பல்துலக்கியும் சோப்பும் போட்டுக் கழுவி, கருவாட்டுக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்தேன். இரண்டில் எது அதிகம் நாறியது என்று சொல்ல மாட்டேன். மதியத்துக்குமேல் ஓட்டைகளைத் திறந்தே விட்டு, டிராப்புகளைத் திரும்ப மாட்டி, குழாயை நிறுத்தினேன். மீட்டர் முள் சமர்த்தாக இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

மனைவி நாற்காலி போட்டு நீதிபதி மாதிரி அமர்ந்தாள். மைக்கில் கூப்பிட்டேன். நாலாவது தடவை இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். குரல் தெளிவாகக் கேட்கிறது என்றார், பேர் சொன்னார், வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"இந்தோனேசியாமே!"

"பேரு சொன்னான், பூட்டான். இதுக்காய்யா சாக்கடையக் குட்சே?"

அவள் எழுந்தாள்.

"சரி, சொன்னா சொன்னதுதான். இருந்துட்டுப் போவட்டும். ஆனா நீ வாய நல்லா கயுவாம அட்ப்பாண்ட வந்துராத."

நாலு தடவை கழுவினேன். ஐந்தாவதுக்கும் அனுப்பினாள்.