ஐஸில் புதைத்த ஊசி மருந்து

முத்துப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்குத் தடுப்பூசி போட உரிமை கிடையாது. விற்கலாம், ஃபிரிட்ஜில் வைத்துக் காக்கலாம், வாய் வலிக்கச் சொல்லலாம். கேட்கத்தான் ஆளில்லை. ஊசி என்றால் கைக்குழந்தைக்கு. பெரியவர்களுக்கு ஆணி குத்தினால், நாய் கடித்தால். அதற்கு மேல் பேசினால் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்பார்கள்.

மீன் வியாபாரம் செய்யும் ஒரு தம்பியின் அப்பாவுக்கு மூச்சிழுப்பு. போன மழைக்கு நிமோனியா வந்து, பிழைத்ததே பெரும்பாடு. அடுத்த மழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும் பெரியவர் மசியவில்லை. மாத்திரைக்கு வரும்போதெல்லாம் நானும் நச்சரித்தேன். ஒருவழியாகச் சம்மதித்தார். மருந்தை வரவழைத்து, குளிர்ப்பையில் வைத்து, ‘உறைய விடக் கூடாது’ என்று மேலே எழுதி ஒட்டி மகனிடம் கொடுத்தேன்.

"நேரா டாக்டர்கிட்ட போங்க தம்பி."

மறுநாள் காலை மருந்துக் குப்பியும் கையுமாகச் சிரிஞ்சு வாங்க வந்தார். அப்பாவை டாக்டரிடம் உட்காரவைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து டாக்டர் இல்லக்கா. வீட்டுலயும் கரண்டு இல்ல. நான் விடுவேனா? ராத்திரி பூரா மீன் பெட்டியில, ஐஸுக்கு நடுவுல புதைச்சு, உப்பும் தூவி வச்சுட்டேன். உங்க ஃபிரிட்ஜெல்லாம் கிட்ட நிக்க முடியாது."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எழுதி ஒட்டியதை யார் படிக்கிறார்கள்? உப்புப் போட்ட ஐஸில் மருந்து உறைந்தே போயிருக்கும், உறைந்துபோனால் அந்த மருந்து வீண் என்றேன். அவர் நம்பவில்லை. குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"நல்லாத்தானே இருக்கு? கெட்டிருந்தா நாறுமே."

மீன் நாறும். மருந்து நாறாது. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அதோடு சேர்த்து வரவழைத்த இன்னொரு குப்பி கடையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு நானே கூடப் போனேன். மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உள்ளே நுழைந்ததுமே எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்துவிட்டார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "ஐஸையே தாங்காத மருந்து, என் நெஞ்சுச்சளியைத் தாங்குமாம்மா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். டாக்டர் கூப்பிட்டும் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

இப்போது மழை பிடித்துவிட்டது. போன புதன்கிழமை பேரனைத் துண்டில் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தார். பேரனுக்கு ஊசி நாள் தவறினால் மருமகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற மனிதர்.

"பேரனுக்கு ஊசி போட்டாச்சு. காய்ச்சல் மருந்து குடும்மா."

"உங்களுக்கு எப்போங்க?"

அவருக்கான மருந்து என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. பிள்ளையை நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.