சேதுபதி வீட்டு ஒற்றை இறால்

அடுத்த வீட்டுச் சேதுபதியை நான் முதலில் அரைப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். பஸ் கம்பெனியில் டயர் ட்யூப்புக்கு ஒட்டுப் போடுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் டின்களைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்ப்பகுதியான காஜா பெராங்கிலிருந்து கிளேபாங் கடற்கரை வரை மிதித்துப் போய் உப்புத் தண்ணீர் அள்ளி வந்தால் வேறு என்ன நினைப்பது? தண்ணீர் அவர் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு.

தொட்டியில் குடியிருந்தவை மூன்றே உயிர்கள். ஒன்று, புலாவ் பெசார் தீவுப் பக்கம் வலை வீசும் மலாய்க்காரர் ஒருவர் கல்லோடு பெயர்த்துக் கொடுத்த கடல் சாமந்தி. பெயர்தான் பூ, உண்மையில் அது மாமிசம் தின்னும் பிராணி. விரல் விரலாக நீட்டிக்கொண்டு கிடக்கும். சின்ன மீன் பட்டால் கொட்டிப் பிடித்து விழுங்கிவிடும். அந்த விரல்களுக்குள்ளேயே பயமில்லாமல் திரிந்தன, கண்ணாடி உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்த இரண்டு குட்டி இறால்கள். மீன் பசாரிலிருந்து உயிரோடு வந்த ஓர் இறாலை ஒருநாள் போட்டுப் பார்த்தார். அரை நிமிஷத்தில் காலி.

"எல்லா எறாவும் ஒண்ணு இல்ல சார். இதுங்க ரெண்டும் அந்த வீட்டு ஆளுங்க" என்றார்.

தொட்டிக்குக் காற்று ஒரு லாரி ட்யூப்பிலிருந்து வந்தது. காலையில் பம்ப் அடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மெல்லிய குழாய் வழியாக அது நாள் முழுக்கக் குமிழி விடும். ஊரில் உள்ள ஓட்டையெல்லாம் அடைக்கிறவர் வீட்டில் மட்டும் வேண்டுமென்றே கசிய விட்டிருந்தார். இதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும்.

1957 ஆகஸ்ட் வந்தது. முப்பத்தொன்றாம் தேதி காலை நாடு சுதந்திரம் பெறும் மெர்டேக்கா விழாவை ரேடியோவில் கேட்க எங்கள் வீட்டு வரிசை முழுவதும் சேதுபதி வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. எங்கள் வரிசையில் அவரிடம் மட்டுந்தான் ரேடியோ இருந்தது. வருகிறவர்கள் அப்படியே தொட்டியையும் பார்ப்பார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வாரம் பழுதான பஸ்களுக்காக அவரை மூன்று நாள் மூவாருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி கமலவேணிக்கோ, நாடே சுதந்திரம் கொண்டாடும்போது வீடு பொங்கலுக்கு இருப்பதுபோல இருக்க வேண்டாமா என்ற நினைப்பு. வெள்ளையடித்தார், சட்டி பானையெல்லாம் கழுவினார். தொட்டியை மட்டும் எப்படி விடுவது? சாமந்தியைக் கல்லோடு ஒரு பேசினிலும் இறால்களை இன்னொரு பேசினிலும் வைத்தார். இரண்டிலும் அதே கடல் தண்ணீர், அவ்வளவு கவனம். தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். சுவர் காய்ந்த மூன்றாம் நாள் சாமந்தியைத் திரும்ப வைத்து, ஓர் இறாலை எடுத்து அதன் நடுவிலேயே விட்டார். சாமந்தி அதை விழுங்கிவிட்டது.

முப்பதாம் தேதி மத்தியானம் சேதுபதி திரும்பியபோது அந்த அம்மாள் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார்.

"அது இருந்த எடத்துலதாங்க விட்டேன். அஞ்சு மாசம் ஒண்ணா இருந்துச்சே. நானே கொன்னுட்டேன்."

நானாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். சேதுபதி சட்டையைக்கூடக் கழற்றாமல் மிச்சமிருந்த இறாலின் முன் குந்தினார். "ஏன்னு எனக்கும் தெரியல கமலா. பாப்போம்" என்றார், அவ்வளவுதான். அந்த அம்மாள் அதற்குப்பின் கூடத்துப் பக்கமே வரவில்லை.

ஒற்றை இறாலைத் தொட்டியின் மறு மூலையில் விட்டுவிட்டு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நடந்து போய் ஒரு காலால் சாமந்தியைத் தொடும், துள்ளிப் பின்வாங்கும். மறுபடி தொடும், மறுபடி ஓடும். எனக்குப் பொறுமை போயிற்று.

"நாளைக்கு நாலு பேரு வராங்கண்ணே. குச்சியால உள்ள தள்ளிவிடுங்க."

"ட்யூப்புல சொல்யூஷன் தடவுனா காய விடணும் சார். ஈரத்துல ஒட்டுனா பிச்சுக்கும். மூணு நாள் பிரிஞ்சு இருந்திருக்கு. தொட்டுத் தொட்டுத்தான் பழகணும்."

பிரிந்த இறால் மறுபடி பழகித்தான் சேரும் என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். புத்தகம் எதுவும் இல்லாமல், மனைவியைக் கடிந்து ஒரு சொல் சொல்லாமல், அந்த மனிதர் இதை அன்றே கண்டுகொண்டார். குச்சியை நீட்டச் சொன்னவன் நான். இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை கூடம் நிறைந்துவிட்டது. தொட்டியைப் பார்த்த ஒன்றிரண்டு பேர், "இவ்வளவுதானா?" என்றார்கள். இறால் இன்னும் வெளியேதான் இருந்தது. சேதுபதி சிரித்தபடி காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். விழா தொடங்கியதும் எல்லாத் தலைகளும் ரேடியோ பக்கம் திரும்பின. அப்போது இறால் ஒரு காலை வைத்தது. எடுக்கவில்லை. இன்னொரு காலை வைத்தது. வயிற்றை விரல்களோடு உரசியது. சாமந்தி சும்மா இருந்தது. இறால் உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

நான் கத்த வாயெடுத்தேன். சேதுபதி என் கையைப் பிடித்து நிறுத்தினார். கூட்டத்தில் யாரையும் கூப்பிடாமல் நேரே அடுப்படிக்குப் போய்க் கமலவேணியைக் கூட்டிவந்தார்.

"நீ விட்ட எடத்துக்கே போயிடுச்சு. பாரு."

அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுதானே இருக்கு" என்றார்.

"நாளைக்கு ஞாயிறு. நீயும் வா, இன்னொண்ணு தேடுவோம்."

அந்த ஞாயிறு முதல் சேதுபதி ஒரே டின் தண்ணீர்தான் கொண்டுவந்தார், அதுவும் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு. பின்னால் கேரியரில் கமலவேணி உட்கார்ந்திருந்தார்.