மாட்டு வைத்தியர் லூக்காஸ்

பூசை முழுவதும் இலத்தீனில் நடந்த காலம் அது. சாமியார் பீடத்தைப் பார்த்து முணுமுணுப்பார். பெரியவர்கள் ஜெபமாலை உருட்டுவார்கள். நான் பிரசங்க மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திண்டுக்கல் கோயிலில் அந்த மேடையின் மரப்பலகைகளில் நான்கு பேரை வரைந்திருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் இறக்கை வைத்த மனிதன், இன்னொருவர் பக்கத்தில் சிங்கம், மூன்றாமவருக்குக் கழுகு. நான்காமவர் காலடியில் ஒரு காளை படுத்திருந்தது. சிங்கத்தையும் கழுகையும் வைத்துக்கொண்டு ஒரு மனுசன் என்ன செய்வான் என்று எனக்கு விளங்கியதில்லை. காளைக்காரர் மட்டும் எங்கள் ஊர்க்காரர் மாதிரி இருந்தார்.

எங்களிடமும் ஒரு சோடி இருந்தது. அதில் மயிலைக் காளை, நான் பிறந்தபோது தாய்மாமன் கன்றாக ஓட்டிவந்து கட்டியது. அம்மா கல்யாணத்துக்காக வேதத்துக்கு வந்தவள், அதாவது கிறிஸ்தவள் ஆனவள். அவள் பிறந்த வீட்டார் தாடிக்கொம்புப் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது தெரிந்த பிறகு மாமன் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. தாய்வீடு என்று அம்மாவுக்கு மிஞ்சியது அந்தக் காளைதான்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருசம், ஐப்பசி மழை விழுந்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கும்போது, மயிலை தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டது. மாட்டாஸ்பத்திரிக்காரர் வந்து மருந்து புகட்டினார். பிழைத்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா மாட்டுக் கொட்டத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், சொன்னாள்: “வனத்து அந்தோணியாருக்கு நேந்துக்கிடுவோம். மாட்டுக்கு அவருதான்.”

“அவரு காலடியில பன்னியில்ல மதினி நிக்குது?” என்றாள் அம்மா. “திண்டுக்கல் கோயில்ல காளையோட ஒருத்தரு இருக்காரு. நான் அவருகிட்டப் போயிட்டு வாரேன்.”

அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வேதத்துக்கு வந்து இம்புட்டு வருசமாச்சு. இன்னும் எந்தச் சாமிக்கு எந்த வாகனம்னு பாத்துக்கிட்டுத் திரியிறா.”

அம்மா, காளை கடிக்காமல் விட்ட வைக்கோலில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

மத்தியான வேளை. கோயிலில் உபதேசியார் மட்டும் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வைக்கோலை மேடையில் இருந்த காளைக்காரர் படத்தில் வைத்து எடுத்தாள். படத்தின் கீழே எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன்: லூக்காஸ். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான். எங்கள் வீட்டுப் பெண்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

“இவரு என்ன வேலை பாத்தாருங்கய்யா?” என்று அம்மா உபதேசியாரிடம் விசாரித்தாள்.

“வைத்தியரு.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு வெற்றியை அவள் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“மனுச வைத்தியரு தாயி,” என்றார் உபதேசியார், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. “கையில எறகு இருக்கு பாரு, அதுதான் பேனா. சுவிசேசம் எழுதுனவரு. மாதாவுக்குச் சம்மனசு, அதான் தேவதூதரு, வந்து சொன்னது, சத்திரத்துல எடமில்லாமப் போனது, பிள்ளைய மாட்டுக்குத் தீவனம் வைக்கிற முன்னணையில கெடத்துனது, எல்லாம் இவரு எழுதித்தான் நமக்குத் தெரியும்.”

எனக்கு ஒரு சந்தேகம். “அப்ப இவரும் அங்க இருந்தாரா?”

“இல்ல பாப்பா. சேசுவைக் கண்ணால பாக்காதவரு. பாத்தவங்ககிட்டக் கேட்டுக் கேட்டு எழுதுனாரு.”

“பிள்ளை பெத்ததை யாருகிட்டக் கேட்டாரு?”

“மாதாகிட்டயே கேட்டிருப்பாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க.”

“ஒரு பொம்பளை சொன்னதையா எழுதுனாரு,” என்றாள் அம்மா. உபதேசியார் பெஞ்சு துடைக்கப் போய்விட்டார்.

அம்மா முட்டிபோடவில்லை. அந்தப் படத்துக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கிணற்றடியில் பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள். முதலில் காளையைப் பற்றிச் சொன்னாள். பிறகு மாமனைப் பற்றி. பிறகு குரல் இறங்கிவிட்டது. எனக்கு ஒன்றிரண்டு சொற்கள்தான் காதில் விழுந்தன. நான் தூணைச் சுற்றி விளையாடி, அதுவும் சலித்து, பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். அவள் எழுப்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. முகம் கழுவியது போல இருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் கொட்டத்துக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். மயிலை போய்விட்டது.

அம்மா அதன் நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். அத்தை விடவில்லை. “என்னத்தா, உன் மாட்டு வைத்தியரு என்ன செஞ்சாரு?”

“கேட்டாரு,” என்றாள் அம்மா. எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

காளையைக் கேட்டார், எடுத்துக்கொண்டாரா? ஊரில் சாமி கேட்டது என்று கிடாவைக் கொண்டுபோவார்களே, அப்படியா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தக் காளையையே உற்று உற்றுப் பார்த்தேன். கொம்பு எங்கள் மயிலையின் கொம்பு மாதிரியே எனக்குத் தோன்றியது. அவர்மேல் வந்த கோபம் எனக்குப் பல வருசம் தீரவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா சோறு கேட்டார், வெந்நீர் கேட்டார், வேட்டி கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். கேட்டார் என்றால் காது கொடுத்தார் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருளில் அந்தச் சொல் அதுவரை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.