கோட்டு வேண்டாத சிரிப்பு

பிளெக்ஸ் பேனரின் மை வாடை மூக்கில் ஏறினால், செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனர் கடையில் கணினி முன் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் நினைவுக்கு வருகிறாள். இருபது வயது இருக்கும். யார் படம் வந்தாலும் முதலில் திரையில் அந்தப் படத்தின் கண்களைப் பெரிதாக்கி, அவற்றில் விழுந்த தூசியைத் துடைப்பாள்.

இறந்துபோன என் அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போயிருந்தேன். படத்தில் கோட்டு மாட்டி, பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடச் சொல்லியிருந்தார் மாமா.

“பாஸ் பண்ணாராண்ணா?”

“ஒரு பேப்பர் நின்னுபோச்சு.”

“மூஞ்சப் பாத்தா அதுக்கு வருத்தப்பட்ட ஆளா தெர்ல. அத்த வுட்டுடலாம். கோட்டும் வேணாம். இந்தச் சிரிப்புக்குக் கோட்டு மாட்டுனா கல்யாண மாப்ள மாதிரி ஆயிடுவாரு.”

“மாமா திட்டுவாரு.”

“திட்டட்டும். எங்க வூட்டுக் கூரையே பழைய பேனருதான். ஒரு பணக்காரரு கோட்டு போட்டுகினு, படுத்தா என்னியே மொறைச்சுகினு கீறாரு. மழ வந்தா அவரும் ஒழுவுறாரு.”

அண்ணனை அவன் சட்டையிலேயே விட்டுவிட்டேன். சுருட்டிய பேனரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியபோது, அவள் வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்.

“காரியம் முடிஞ்சதும் தூக்கிப் போட்றாதீங்கண்ணா, எங்க வூட்டுக்குக் குடுங்க. மேல சிரிச்ச மூஞ்சி ஒண்ணு இருந்தா நல்லாத் தூங்கலாம்.”